யோசே வாஸ் அடிகளாரும் நம் வழிபாட்டு மரபும்

வன்னியில் இன்று எந்தக் கத்தோலிக்க கோவிலிற் பூசை கண்டாலும், குருவானவர் சனங்களை நோக்கி நின்று தமிழிலே செபிப்பதைக் காணலாம். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963ஆம் ஆண்டு மார்கழி 4ஆந் திகதி திருவழிபாடு பற்றிய தன் சாசனத்தை வெளியிட்டது. அதன் பின்னரே இலத்தீன் மொழி பலிபீடத்தை விட்டு மெல்ல மெல்ல விலகிற்று. ஆதலால், தமிழ் நம் வழிபாட்டிற் புகுந்தது அறுபதுகளிலேதான் என்று எண்ணுவோர் பலர். பலிபீடத்தளவில் அவ்வெண்ணம் மெய்யே. ஆயினும் வழிபாடு பலிபீடத்தோடு முடிந்துவிடுவதன்று. விளக்கு வைக்கும் நேரத்து வீட்டுச் செபம், இழவு வீட்டில் இரவெல்லாம் ஒலிக்கும் ஒப்பாரி, தபசுகாலத்து வியாகுலப் பாடல்கள், காட்டு வழியே வண்டி கட்டிச் செல்லும் மடு யாத்திரை ஆகிய யாவும் சங்கத்துக்கு நெடுங்காலம் முன்னரே நம் மொழியில் வேரூன்றியவை. அவ்வேர் பட்டுப்போகவிருந்த ஒரு காலத்தில் அதற்கு நீர் வார்த்தவர்களுள் முதல்வர் கோவையிலிருந்து வந்த யோசே வாஸ் அடிகளார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆந் திகதி கோவையின் பெனாலிம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவான் வாஸ். தாயார் மரியா மிராண்டா. கொங்கணி பேசும் பிராமண குலத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் கிறிஸ்தவரான குடும்பம் அது. போர்த்துக்கேயமும் இலத்தீனும் கற்று 1676ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு, சங்க்வாலிற் கோவிலில், தம்மைத் தேவமாதாவின் அடிமையாக எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைத்தார் என்பது அவருடைய உள்ளத்தின் போக்கைக் காட்டும். சில ஆண்டுகள் கன்னட நாட்டிற் பணி புரிந்தார்.

அக்காலத்திலே ஐரோப்பியத் துறவற சபைகள் சுதேசிகளைத் தம்முள் சேர்த்துக்கொள்வதில் நாட்டமில்லாதிருந்தன. குருப்பட்டம் பெற்ற கோவைக்காரர், பிறர் ஏவலுக்குக் காத்திருக்கும் நிலையிலேயே வைக்கப்பட்டனர். இக்குறையை உணர்ந்த சில கோவைக் குருமார், உரோமையில் புனித பிலிப்பு நேரியார் ஏற்படுத்திய ஓரட்டோரியத்தை முன்மாதிரியாகக் கொண்டு தமக்கென ஒரு சபை அமைத்தனர். 1685ஆம் ஆண்டு வாஸ் அடிகளார் அதன் தலைவரானார். இச்சபையார் அனைவரும் இந்நாட்டு மண்ணின் மைந்தர். முகத்தையும் நிறத்தையும் கொண்டு எவரும் இவர்களைப் பறங்கியரென்று பிரித்தறிய இயலாது. பின்னாளில் இலங்கையில் இவர்கள் உயிர் பிழைத்ததற்கும் ஊரோடு ஊராய்க் கலந்ததற்கும் இதுவே பெருங்காரணமாயிற்று.

இலங்கையின் நிலை அப்போது எப்படியிருந்தது? 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கோவில்கள் கல்வினிய நெறிக்குரியவாக மாற்றப்பட்டன; குருமார் நாடு கடத்தப்பட்டனர்; குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. பிள்ளையின் ஞானஸ்நானமும் வாலிபரின் கலியாணமும் ஒல்லாந்தர் பள்ளிக்கூடத் தோம்பிற் பதிவாகவேண்டும். பதிவு இல்லையேற் சட்டப்படி பிள்ளை பிள்ளையன்று. காணியும் முதுசமும் கைவிட்டுப்போம். எனவே சனங்கள் பகலிலே தோம்புக்குப் பெயர் கொடுத்து, இரவிலே கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். இதனைக் கோழைத்தனமென்று சொல்வோர், காணியில்லாத உழவனுக்கு அக்காலத்தில் என்ன கதியென்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குருவில்லாத சமயத்தில் எஞ்சி நின்றது மனப்பாடமான செபமே. அச்செபம் தமிழிலே இருந்தது என்பது ஈண்டு கருதத்தக்கது. அண்டிரிக் அடிகளார் 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். 1586இல் அடியார் வரலாறும் வெளிவந்தது. முத்துக்குளித்துறையிலிருந்து மன்னார்க் கடலைக் கடந்து வந்த இச்செபங்கள், நூல் மறைந்த பின்னும் நாவிலே தங்கின. பூசை இலத்தீனில் இருந்தமையாற் குருவோடு அது போயிற்று. செபம் தமிழில் இருந்தமையாற் சனங்களோடு அது நின்றது. ஆனால் ஒரு தலைமுறை கழிந்தது. பாவசங்கீர்த்தனம் செய்ய ஆளில்லை. அவஸ்தைப்பூசுதல் பெறாமலே முதியோர் கண் மூடினர். இன்னுமொரு தலைமுறை அவ்வாறே கழிந்திருப்பின், நத்தார், குருசு என்னும் சொற்கள் மாத்திரம் எஞ்சிப் பொருள் அழிந்து போயிருக்கும் எனலாம்.

இச்செய்தி கோவையை எட்டிற்று. 1686ஆம் ஆண்டு அடிகளார் தலைமைப் பதவியைத் துறந்து, யோவான் என்னும் பணியாளோடு புறப்பட்டார். மலையாளக் கரை வழியே தூத்துக்குடிக்கு வந்து, கூலியாளின் கோலத்திற் கப்பலேறி, மன்னாரைத் தொட்டு, 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். வந்திறங்கியதும் வயிற்றுளைவு நோய் அவரை வீழ்த்தியது. யாரென்று அறியாத ஒரு பெண்மணி கஞ்சி வார்த்து உயிர் காத்தாள். அவள் பெயர் சரித்திரத்தில் இல்லை.

நலம் பெற்றவர் செய்த முதற் காரியம் சுவையானது. யார் கத்தோலிக்கர், யார் அல்லர் என்று எவரிடம் கேட்பது? கேட்டால் அகப்படுவார். ஆகையால் செபமாலையைக் கழுத்திலே அணிந்து வீடு வீடாய்ப் பிச்சை கேட்டுச் சென்றார். பிச்சையைக் காட்டிலும் அந்த மாலையின்மேல் எவர் கண் படிகிறதென்று பார்த்தார் என அவருடைய சரித்திரம் எழுதினோர் கூறுவர். இவ்வாறு ஒரு குடும்பம் அகப்பட்டது. அதன் வழியே மற்றொன்று. பின்னர் சில்லாலை அவருடைய இருப்பிடமாயிற்று. அவ்வூரார் அவரை மறைத்து வைத்துக் காத்தனர்.

அவர் நடத்திய இரவு வழிபாட்டை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நம் சமய மரபின் அச்சு அங்கேதான் வார்க்கப்பட்டது. பகலில் அவர் எங்கும் தோன்றார். இருட்டிய பின் ஒரு வீட்டுக்குச் செய்தி போகும். அங்கிருந்து அயலாருக்குப் போகும். முதலிற் பாவசங்கீர்த்தனம், அது நள்ளிரவு வரை நீளும். பிறகு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். தோம்பிலே மாத்திரம் மணந்தவருக்கு மந்திரித்த கலியாணம். விடியுமுன் பூசை, பூசை முடியவும் கூட்டம் கலையும். அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். திரும்பி வருவது எப்போதென்று அவருக்கே தெரியாது. அவ்விடைக்காலத்தில் ஊரைக் காக்க மூப்பரும் அண்ணாவிமாரும் நியமிக்கப்பட்டனர். ஞாயிறுதோறும் சனங்களைக் கூட்டுவது, மந்திரங்களைச் சொல்லிக்கொடுப்பது, பிரார்த்தனை பாடுவது, ஆபத்திலே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, சாகிறவனருகே இருந்து செபிப்பது ஆகிய யாவும் இவர்கள் கடமையாயின. சட்டத்தின்படி இவர்கள் குருவல்லர். ஊரின்படி இவர்களே கோவில்.

முப்பது ஆண்டு குருவின்றி வாழ்ந்த சனங்களிடம் எத்தனையோ சொந்தப் பழக்கங்கள் வளர்ந்திருக்குமன்றோ? புதிதாய் வரும் குரு அவற்றை ஒழுங்கீனமென்று வெட்டிச் சாய்ப்பது எளிது. அடிகளார் அவ்வாறு செய்யாமல், அப்பழக்கங்களைத் தாங்கி நின்ற மனிதரையே தம் உதவியாளராக்கிக் கொண்டார். என் மதிப்பிலே அவருடைய மழை அற்புதத்தினும் இது பெரிது.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே இடி விழுந்தது. நள்ளிரவுப் பூசைக்குக் கூடியிருந்த சனங்களை ஒல்லாந்தச் சேவகர் வளைத்துக்கொண்டனர். பலர் பிடிபட்டனர், தலைமை வகித்தோருக்குக் கசையடி விதிக்கப்பட்டது. கல்வினிய நெறியை விட்டுக் கத்தோலிக்கராகியிருந்த டொன் பேதுரு என்பவர் அவ்வடியிலேயே மாண்டார். அடிகளார் மாத்திரம் அகப்படவில்லை. தம்மால் மேலும் பலர் துன்புறுவதைப் பொறாது அவர் யாழ்ப்பாணத்தை விட்டகன்று, கண்டி அரசனுக்குரிய புத்தளத்தை 1690இல் அடைந்தார்.

யாழ்ப்பாணத்துக்கும் கண்டி இராச்சியத்துக்கும் நடுவே கிடப்பது வன்னிப் பெருநிலம். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுக்களை வன்னியர் ஆண்டு வந்தனர். ஒல்லாந்தருக்கு யானைத் திறை கொடுப்பதாக ஒப்புக்கொள்வர். கொடுக்கும் காலம் வந்தால் காடு அடர்ந்துவிடும். கம்பனியின் கட்டளை ஆனையிறவைத் தாண்டும்போதே பாதி வலுவிழந்துவிடும். மலேரியாக் காய்ச்சலும் கரடியும் பாம்பும் காவல் நின்ற இந்நிலமே சமயத்துக்காக ஓடியவர்களின் புகலிடமாயிற்று. மாந்தைக் கோவிலிலிருந்த தேவமாதாவின் திருச்சுரூபத்தை, 1670ஆம் ஆண்டளவில் இருபது குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்து மருதமடுவிற் குடியேறினர் என்பது மரபு. எலேனா என்னும் பறங்கி அதிகாரியின் மகள் அங்கே கோவில் கட்டினாள் என்றும், அதனாலேயே அவ்விடம் சிலேனா மருதமடு எனப் பெயர் பெற்றதென்றும் அம்மரபு மேலும் கூறும். குருவில்லை, ஆயரில்லை, கல்லுக்கட்டிடமில்லை. ஒரு சுரூபமும் சில குடும்பங்களும் மாத்திரம். வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துக்கு வருமுன்னரே வன்னிக் காட்டில் இப்படி ஒரு வழிபாடு தானாய் முளைத்திருந்தது. பின்னர் ஓரட்டோரியக் குருமாரின் பணிக்களங்களுள் மாந்தையும் வன்னியும் இடம்பெற்றன.

மடுவின் மண் பாம்புக்கடிக்கு மருந்தென்று சைவரும் எடுத்துச் செல்வர். காட்டுப் பாதையில் வண்டி கட்டிப் பல நாள் பிரயாணஞ்செய்து, மர நிழலிற் கொட்டில் போட்டுத் தங்கி, சமைத்துண்டு, இரவெல்லாம் மாதாவின் பாடல்களைப் பாடும் அந்த யாத்திரை முறையை எந்த உரோமைச் சாசனமும் விதித்ததில்லை. அது காடு விதித்தது. 2008ஆம் ஆண்டு சித்திரையில், போர் நெருங்கிய வேளையில், அதே திருச்சுரூபம் மீண்டும் கோவிலை விட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டதும், அதே ஆண்டு ஆவணியில் மடுவுக்கு மீண்டதும் நம்மிற் பலர் கண்ணாற் கண்டவை. முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் சனங்கள் முதலில் தூக்கியது அதைத்தான்.

புத்தளத்திலிருந்து 1692இல் அடிகளார் கண்டியை நோக்கிச் சென்றார். அங்கே லானெரோல் என்னும் பிரெஞ்சு இயூகனோத்தர் ஒருவர் இவர் போர்த்துக்கேய ஒற்றரென்று அரசனுக்குக் கோள் மூட்டினார். விலங்கிட்டுச் சிறை வைக்கப்பட்டார். சிறையிலிருந்தவாறே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்ததும் ஓலைக்கொட்டிலை அமைத்துப் பூசை செய்தார். இதே காலத்தில், 1693ஆம் ஆண்டு மாசி 4ஆந் திகதி, எதிர்க்கரையில் மறவர் நாட்டு ஓரியூரிலே அருளானந்தர் தலை கொடுத்தார். கடலின் இருபுறமும் ஒரே வேளையில் ஒரே சோதனை.

பின்னர் நாட்டில் மழை பொய்த்தது. இரண்டாம் விமலதர்மசூரியன் தன் சமயத்தார் செய்த சடங்குகள் பலிக்காமையால் சிறையிலிருந்த குருவையும் வேண்டச் சொன்னான். அடிகளார் வெளியிலே பீடம் அமைத்து, குருசை நாட்டி, முழந்தாளிட்டார். மழை பொழிந்தது, பீடம் நின்ற இடம் மாத்திரம் நனையவில்லை என்பது சரித்திரக்காரர் கூற்று. நம்புவோர் நம்புக. 1697ஆம் ஆண்டில் கண்டியிலே பரவிய பெரியம்மையின்போது நடந்ததற்கு அற்புதம் எதுவும் வேண்டியதில்லை. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்கினர். நோயாளிகள் தெருவிலும் காட்டிலும் எறியப்பட்டனர். அடிகளாரும் அவர் மருமகனான யோசே கார்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடியெடுத்து, கொட்டில் போட்டுக் கிடத்தி, புண்ணைக் கழுவி, சோறூட்டி, இறந்தாரைத் தோளிற் சுமந்து அடக்கஞ்செய்தனர். அதற்குப் பின் கண்டி இராச்சியமெங்கும் அவருக்குத் தடையில்லை. பௌத்த அரசனின் நிழலிலேதான் கத்தோலிக்க வழிபாடு இந்நாட்டிற் பிழைத்தது என்பதை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கோவையிலிருந்து மேலும் குருமார் வந்தனர். கொச்சி மேற்றிராணியார் அடிகளாரை இலங்கைக்குத் தம் விகாரியாக நியமித்தார். பாப்பரசரின் தூதராய் வந்த தூர்னோன், அவரை ஆயராக்க எண்ணினார், அடிகளார் மறுத்துவிட்டார். இதே தூர்னோன்தான் 1704ஆம் ஆண்டு புதுச்சேரியிலே, மதுரை மிஷனில் தத்துவபோதகர் காலந்தொட்டுக் கைக்கொள்ளப்பட்ட தமிழர் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தவர். அக்கட்டளையாற் பல்லாண்டு வழக்கு நடந்ததைத் தமிழ்நாட்டுச் சமய வரலாறு அறிந்தோர் அறிவர். இலங்கையிலோ அத்தகைய புயல் வீசவில்லை. காரணம் தெளிவானது. தத்துவபோதகர் கிறிஸ்தவம் புகாத உயர்குலத்தாரிடம் அதனைக் கொண்டு செல்ல முயன்றார். ஆதலால் பூணூலும் சந்தனமும் விவாதப்பொருளாயின. வாஸ் அடிகளாரோ ஏற்கெனவே கிறிஸ்தவராயிருந்து அநாதையாய் விடப்பட்டோரைத் தேடி வந்தார். அவர்களுக்கு வேண்டியது புதிய வேடமன்று. குரு வராத ஞாயிற்றுக்கிழமையிற் சொல்லத்தக்க சொல். அடிகளார் பூசையின் இலத்தீனிற் கைவைக்கவில்லை. அதைச் சூழ்ந்த அனைத்தையும் நாட்டு மொழிகளில் அமைத்தார்.

அவர் 1711ஆம் ஆண்டு தை 16ஆந் திகதி கண்டியிலே உயிர் நீத்தார். வயது ஐம்பத்தொன்பது. இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் கோவைக்குத் திரும்பவில்லை. அவர் இறந்தபோது இலங்கையில் எழுபதினாயிரம் கத்தோலிக்கரும் பதினைந்து கோவில்களும் நானூறு சிற்றாலயங்களும் இருந்தன என்று எழுதுவர். கண்டியில் அவர் அடக்கஞ்செய்யப்பட்ட இடம் இன்று அடையாளம் காண முடியாதவாறு மறைந்துவிட்டது. 1995ஆம் ஆண்டு தை 21ஆந் திகதி இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015ஆம் ஆண்டு தை 14ஆந் திகதி காலை காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக உயர்த்தி, அன்று பிற்பகலே மடுக் கோவிலுக்கு வந்தார். போரிற் பிள்ளைகளை இழந்த தாய்மார் அங்கே காத்திருந்தனர்.

அடிகளாரின் எண்ணத்துக்கு நூல்வடிவம் கொடுத்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழர் இவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்பர். 1676இல் கோவையின் திவார்த் தீவிலே பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் போலவத்தையில் இறக்கும் வரை தமிழிலும் சிங்களத்திலும் ஓயாது எழுதினார். வாஸ் அடிகளார் மறைந்த காலத்தையொட்டியே வீரமாமுனிவர் தமிழ்நாட்டிற் கால்வைத்தார். தேம்பாவணியைப் புலவர் போற்றுகின்றனர், தகும். சாங்கோபாங்க சுவாமிகளைப் புலவர் அவ்வளவாக அறியார். ஆனால் எழுத்தறியாத கிழவியரும் அவருடைய சொல்லை மனனமாய் அறிந்திருந்தனர். தேவ அருள் வேத புராணம், சுகிர்த தர்ப்பணம் முதலியன அவருடையவை. அச்சுயந்திரம் இல்லாத காலமாதலால் ஏடெழுதுவோரைக்கொண்டு ஓலையிற் படி எடுப்பித்து ஊரூராய் அனுப்பினார். குரு போகமுடியாத காட்டூருக்கும் ஏடு போயிற்று.

அவற்றுள் வியாகுல பிரசங்கம் தனியிடம் பெற்றது. ஆண்டவருடைய பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்துச் சொல்வது அது. தபசுகாலத்து இரவுகளில் அண்ணாவியார் நின்று, வசனமென்றும் பாட்டென்றும் சொல்லமுடியாத ஓர் இராகத்தில் அதனை வாசிப்பார். சில ஊர்களில் உயிர்பெற்ற மாந்தர்போல் அசையும் மரச்சுரூபங்களைக்கொண்டு பாடுகளின் காட்சியை நடத்துவர். பேசாலையில் இதற்கு உடக்குப்பாஸ் என்று பெயர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சுரூப வழக்கமும் நம் கூத்தின் அமைதியும் நம் ஒப்பாரியின் துயரும் ஒன்றாய்க் கலந்த கலை இது. இதிற் கோவை எது, தமிழ் எது என்று இன்று எவராலும் பிரித்தெடுத்தல் இயலாது.

பொதுச்சங்கத்துக்குப் பின் சில பங்குகளிலே இத்தகைய வழக்கங்கள் பழமையென்று ஒதுக்கப்பட்டன. பூசையே தமிழில் வந்துவிட்டபோது வியாகுல பிரசங்கம் எதற்கு என்று கேட்டனர். சங்கத்தின் சாசனமோ மக்களின் பக்திமுயற்சிகளைப் புகழ்ந்து, அவை திருவழிபாட்டுக்கு இசைந்து நடைபெறுக என்றே கூறுகின்றது. ஒதுக்கியவர்கள் அச்சாசனத்தை முழுதும் படித்திலர் என்றே நினைக்கவேண்டியுள்ளது. குரு வரமுடியாத காலம் இந்நிலத்துக்கு ஒருமுறை மாத்திரம் வந்ததன்று. 2009ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கரையிலே பதுங்குகுழிகளுக்குள் அகப்பட்ட சனங்களுக்குப் பலிபீடமும் இல்லை, பூசைப்புத்தகமும் இல்லை. அங்கே பாட்டிமார் சொல்லக்கொடுத்த செபமாலையைப் பிள்ளைகள் சொல்லினர்.